திருத்தத்துக்கு ஒரு திருத்தம்

கொடும்பாளூர் விலக்குக்குப் பக்கத்தில், நான்குவழிச் சாலையில் லாரி மோதி மோட்டார் சைக்கிளில் போன ஒருவர் இறந்துவிட்டார் என்ற தகவல் வந்தபோது சுடர்விழி விராலிமலை ஒன்றிய அலுவலக வாசலில் நின்றுகொண்டிருந்தாள். குடிதண்ணீர் வரவில்லை என்று மனுக்கொடுக்க வந்த பெண்களிடம் பேட்டி எடுத்துக்கொண்டிருந்தவள், பாதியில் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

ஒரு நாளிதழின் திருச்சிப் பதிப்புக்கு அவள் நிருபர். விராலிமலை, இலுப்பூர், குளத்தூர்ப் பக்கத்துச் செய்திகள் எல்லாம் அவள் பொறுப்பு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் சாயங்காலத்துக்குள் செய்தி போய்ச் சேர்ந்தால் போதும். விசாரிக்கவும், விசாரித்ததை இன்னொரு முறை கேட்டுக்கொள்ளவும் நேரம் இருந்தது. பத்திரிகைக்கு இணையதளமும் வாட்ஸ்அப் சேனலும் வந்த பிறகு அந்த நேரம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

அவள் போய்ச் சேர்ந்தபோது உடலை ஆம்புலன்ஸில் ஏற்றிப் புதுக்கோட்டைக்கு அனுப்பியிருந்தார்கள். வண்டி மட்டும் நசுங்கிக் கிடந்தது. இறந்தவர் சட்டைப்பையில் எதுவும் இல்லை, செல்போன் சிதறிப் போயிருந்தது. ஒரு போலீஸ்காரர் வண்டி நம்பரைத் தன் போனில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருன்னு தெரிஞ்சுதா சார்?"

"வண்டி விராலிமலை ஜமால் முகமது மகன் சாதிக் பாட்சா பேர்ல இருக்கும்மா. இனிமேத்தான் வீட்டுக்கு ஆள் அனுப்பணும்."

அவள் நன்றி சொல்லித் திரும்புவதற்குள் திருச்சியிலிருந்து ஆண்டியப்பன் கூப்பிட்டார். மாவட்டச் செய்திப் பிரிவின் தலைவர். முப்பது வருடமாகச் செய்தி திருத்துகிறவர்.

"சுடர், பேரு கெடச்சுதா? இன்னொருத்தன் ஸ்பாட் போட்டோவே போட்டுட்டான்."

"சாதிக் பாட்சா சார். விராலிமலை."

"அனுப்புங்க."

புளியமரத்து நிழலில் வண்டியை நிறுத்தி, சீட்டில் சாய்ந்தபடி தட்டச்சு செய்தாள். 'விராலிமலையைச் சேர்ந்த ஜமால் முகமது மகன் சாதிக் பாட்சா சம்பவ இடத்திலேயே பலியானார்.' வண்டி அவர் பெயரில் இருக்கிறது என்றுதான் போலீஸ்காரர் சொன்னார். இறந்தது அவர் என்று சொல்லவில்லை. அந்த வித்தியாசம் அப்போது அவள் கண்ணில் படவில்லை. செய்தி தளத்தில் ஏறியது. அங்கிருந்து எடுத்து ஏழெட்டு சேனல்கள் போட்டன.

ஜமால் முகமது வீட்டுக்குப் போலீஸ் வருவதற்கு முன்பே செய்தி வந்துவிட்டது. சார்ஜாவில் வேலை பார்க்கும் மூத்த மகன் செல்போனில் அதைப் பார்த்துவிட்டு, "அத்தா, சாதிக்குக்கு என்னாச்சு?" என்று அலறினான். சாதிக் காலை ஷிப்ட்டில் இருந்தான். அவன் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். வீட்டிலிருந்து மாற்றி மாற்றிப் போன் அடித்தார்கள், மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. ஜமால் முகமது இரண்டு உறவினர்களோடு காரில் புதுக்கோட்டைக்குக் கிளம்பினார்.

மறுநாள் பத்திரிகைக்கு இறந்தவரின் படம் வேண்டும். அதை வாங்கத்தான் சுடர்விழி அந்த வீட்டுக்குப் போனாள். தெருவே அங்கே இருந்தது. சாதிக்கின் தாய் ரம்லத் பீவி கூடத்தில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார். அழுகைகூட வரவில்லை. அவருடைய கையைத் தன் மடியில் வைத்துத் தடவிக்கொண்டு ஒரு அம்மாள் பக்கத்தில் இருந்தார். கழுத்தில் சிலுவை போட்ட கறுப்பு மணிக்கயிறு. சுடர்விழி யாரென்று கேட்டுவிட்டு அவரே பேசினார்.

"நான் எதுத்த வீடும்மா, இன்னாசியம்மாள். அங்கன்வாடில ஒதவியாளரா இருக்கேன். சாதிக்கு பாதி நாளு எங்கூட்லதான் சாப்புடுவான். எம்மவன் பிராங்க்ளினும் அவனும் ஒரே கம்பெனி. எம்மவன் நைட் ஷிப்ட் பாத்துட்டு இன்னும் வீட்டுக்கு வரல. இதக் கேட்டா எப்புடித் தாங்குவானோ."

சுடர்விழி தலையை ஆட்டினாள். படம் கேட்பதற்கு இது நேரமா என்று தயங்கி நின்றாள்.

அப்போதுதான் ஜமால் முகமதுவின் போன் வந்தது. ரம்லத் பீவி காதில் வைத்தார். ஒரு கணம் ஒன்றும் புரியாதவர் போலப் பார்த்தார். பிறகு, "நம்ம புள்ள இல்லையாம்! சாதிக்கு இல்லையாம்!" என்று கத்தினார்.

கூடத்தில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள். யாரோ அல்லாவை அழைத்தார்கள். யாரோ சிரித்துக்கொண்டே அழுதார்கள். இன்னாசியம்மாள் ரம்லத் பீவியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "மாதாவே, ஒனக்குக் கோடி நன்றி. யாரு பெத்த புள்ளையோ பாவம், நம்ம புள்ள இல்ல" என்றார். கைதட்டினார்.

போன் இன்னும் துண்டிக்கப்படவில்லை. மறுமுனையில் ஜமால் முகமது பேசிக்கொண்டே இருந்திருக்க வேண்டும். ரம்லத் பீவி அதை மறுபடி காதில் வைத்தார். கேட்டார். கேட்டுக்கொண்டே இன்னாசியம்மாளைப் பார்த்தார். அந்தப் பார்வையைச் சுடர்விழி பார்த்தாள். சொல்ல வேண்டியதைச் சொல்ல ரம்லத் பீவிக்கு வாய் வரவில்லை. எதிரில் இருந்த தோழியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இன்னாசியம்மாள் முகத்தில் சிரிப்பு கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அது போயிற்று.

மத்தியானம் ஷிப்ட் முடிந்து வெளியே வந்த சாதிக், கேட்டில் போனை வாங்கித் திறந்தபோது தன் படத்துக்குக் கீழே 'கண்ணீர் அஞ்சலி' என்று எழுதி நண்பர்கள் ஸ்டேட்டஸ் வைத்திருப்பதைப் பார்த்தான். முதலில் எவனோ விளையாடுகிறான் என்று நினைத்தானாம். அடுத்த நிமிஷம் காலையில் வண்டிச் சாவியை யாரிடம் கொடுத்தோம் என்று நினைவு வந்திருக்கிறது.

அன்று மாலை ஆண்டியப்பனைக் கூப்பிட்டுச் சுடர்விழி நடந்ததைச் சொன்னாள். அவர் பதறவில்லை.

"பேரை மாத்தியாச்சும்மா. இப்ப திறந்து பாருங்க, பிராங்க்ளின்னுதான் இருக்கும்."

"மாத்தினோம்னு எங்கயும் போடலையே சார்."

"போட்டா இன்னும் நாலு பேர் பாப்பான். 'போலீஸ் தரப்பில் கூறப்படுகிறது'ன்னுதானே போட்டிருக்கோம்."

"போலீஸ் அப்படிச் சொல்லல சார். வண்டி அவர் பேர்ல இருக்குன்னு மட்டும்தான் சொன்னாங்க. செத்தது அவர்தான்னு முடிவு பண்ணினது நான்."

"சரி, நாளைக்குப் பேப்பர்ல திருத்தம் போட்டுரலாம். அதுலயே விபத்து விவரமும் வந்துரும். தனியா நியூஸ் வேணாம்."

திருத்தத்தைத் திருச்சியில் எழுதி அவளுக்கு அனுப்பினார்கள். அவள் படித்தாள். பெயர்கள் சரியாக இருந்தன, ஊர் சரியாக இருந்தது. சரி என்று பதில் போட்டாள். மறுநாள் உள்பக்கத்தில், நகைக்கடை விளம்பரத்துக்குக் கீழே அது வந்தது.

'திருத்தம்: கொடும்பாளூர் அருகே நடந்த விபத்தில் விராலிமலை சாதிக் பாட்சா இறந்ததாக நமது இணையதளத்தில் வெளியான செய்தி தவறு. அவர் நலமுடன் உள்ளார். அவரது மோட்டார் சைக்கிளை எடுத்துச் சென்ற அதே பகுதியைச் சேர்ந்த பிராங்க்ளின் என்பவர் விபத்தில் இறந்தார். தவறுக்கு வருந்துகிறோம்.'

பிராங்க்ளின் அடக்கத்துக்குச் சுடர்விழி போனாள். கூட்டத்தின் ஓரத்தில் நின்றுவிட்டு யாரிடமும் பேசாமல் திரும்பினாள். அதற்குப் பிறகு விராலிமலைக்கு எத்தனையோ முறை போயிருக்கிறாள், அந்தத் தெருப்பக்கம் மட்டும் போகவில்லை. வேறு செய்திகள் வந்தன. தண்ணீர் பிரச்சினை, ஜல்லிக்கட்டு, ஊராட்சிச் சண்டை. ஒவ்வொரு முறை ஒரு பெயரைத் தட்டச்சு செய்யும்போதும் விரல் சற்று நின்று போயிற்று.

ஒரு மாதம் கழித்துச் சாதிக் பாட்சா கூப்பிட்டான். "மேடம், இன்னாசியம்மா ஒங்களப் பாக்கணும்னு சொல்லுது. நீங்க வருவீங்களா?"

திட்டுவார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் போனாள். திட்டினால் நல்லது என்றுகூட அவளுக்குத் தோன்றியது. இன்னாசியம்மாள் வாங்க என்று சொல்லி நாற்காலி எடுத்துப் போட்டார். சாதிக் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். சுவரில் பிராங்க்ளின் படத்தில் மாலை காய்ந்திருந்தது.

இன்னாசியம்மாள் பைபிளுக்குள்ளிருந்து மடித்த பேப்பர் துண்டு ஒன்றை எடுத்து நீட்டினார். அந்தத் திருத்தம்.

"இத நீதான் எழுதினியாம்மா?"

"திருச்சியில எழுதினாங்க. நான் படிச்சுப் பாத்து சரின்னு சொன்னேன்."

"எடுத்துச் சென்றன்னா என்ன அர்த்தம்?"

சுடர்விழிக்குக் கேள்வி உடனே புரியவில்லை.

"எம்மவன் வண்டிய எடுத்துட்டுப் போனானா, சாதிக்கு குடுத்து விட்டானா?"

"நான்தான் குடுத்தேன் மேடம்" என்றான் சாதிக். "காலையில கேட்ல வச்சு சாவியக் குடுத்தேன். துவரங்குறிச்சில ஒரு செகண்ட்ஹேண்ட் வண்டி விலைக்கு வருதுன்னு பாக்கப் போறேன்னான். நான்தான், பஸ்ஸுக்கு நிக்காதடா, என் வண்டியில போயிட்டு ரெண்டு மணிக்குள்ள வந்துருன்னு சொன்னேன்."

அவன் தன் போனைக் காட்டினான். ஒரு சேனலில், 'நண்பரின் பைக்குடன் மாயமான வாலிபர் விபத்தில் பலி' என்று இருந்தது. இன்னொன்றில் ஒரு படி மேலே போய், போதையில் இருந்தாரா என்று கேள்வி போட்டிருந்தார்கள். எல்லாம் திருத்தம் வெளிவந்த நாளுக்குப் பிறகு வந்தவை. அந்த ஒரு வார்த்தையிலிருந்து முளைத்தவை.

"அங்கன்வாடிக்குப் புள்ளய விட வர்றவளுகள்ல ஒருத்தி எங்கிட்டயே கேக்குறா," என்றார் இன்னாசியம்மாள். "சொல்லாம எடுத்துட்டுப் போயிட்டானாமேன்னு. கோயில்லயும் கேக்குறாங்க. பேப்பர்லயே போட்டிருக்கேங்குறாங்க. நானு என்னத்தச் சொல்ல?"

சுடர்விழி அந்தத் துண்டைத் திரும்பப் படித்தாள். பெயர், ஊர், இடம் என்று எல்லாவற்றையும் சரிபார்த்தவள் ஒரு வினைச்சொல்லைச் சரிபார்க்கவில்லை. அவளுக்கே அது சாதாரணமாகத்தான் பட்டிருந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு போனான் என்று யாரும் வீட்டில் பேசுவதுதானே. அச்சில் வந்தபோது அது திருடிக்கொண்டு போனது மாதிரி ஆகிவிட்டது.

"இன்னொண்ணு கேக்கணும்" என்றார் இன்னாசியம்மாள். "வருந்துகிறோம்னு போட்டிருக்கே. யாருகிட்ட வருந்துறீங்க? சாதிக்குகிட்டதானே? அவன் செத்தான்னு தப்பாப் போட்டதுக்கு. சரிதான், அவன்கிட்ட வருந்த வேண்டியதுதான். நானு அந்தக் கூடத்துல ஒக்காந்து கைதட்டினேனே, அத நீயும் பாத்தியே. எம்புள்ள அங்க பொணமாக் கெடக்குறப்ப நானு மாதாவுக்கு நன்றி சொன்னேன். யாரு பெத்த புள்ளையோன்னு சொன்னேன். இந்த வாயாலதான சொன்னேன்."

சாதிக் எழுந்து வெளியே போய்விட்டான்.

"முன்னாடியே எம்புள்ள பேரு வந்திருந்தா நானு அழுதுருப்பேன், அவ்வளவுதான். அது பெத்தவளுக்கு உள்ளது. சிரிக்க வச்சுட்டீங்க."

சுடர்விழி மன்னிப்புக் கேட்கிறேன் என்று சொல்ல வந்தாள். அந்த வார்த்தை அவள் வாய்க்குள்ளேயே சிறுத்துப் போயிற்று. கடைசியில், "அது நான் பண்ணினது அம்மா. போலீஸ் பண்ணல, ஆபீஸ் பண்ணல. நான்தான் கேக்காம எழுதினேன்" என்றாள். "அத என்னால இனிமே எடுக்க முடியாது. இந்த 'எடுத்துச் சென்ற'ங்கிறத எடுக்க முடியும். எடுக்கிறேன்."

இன்னாசியம்மாள் காபி போட எழுந்து போனார்.

இந்த முறை சுடர்விழி அவசரப்படவில்லை. தொழிற்சாலைக் காவலாளியைப் பார்த்து அன்று காலை சாவி கைமாறியதைக் கண்டீர்களா என்று கேட்டாள், கண்டேன் என்றார். துவரங்குறிச்சிக்குப் போய்ப் பழைய வண்டி விற்க இருந்தவரைத் தேடிப் பிடித்தாள். அன்று பிராங்க்ளினுக்காகக் காத்திருந்து, வராததால் இரண்டு முறை கூப்பிட்டதாக அவர் சொன்னார். பிரேதப் பரிசோதனையில் மது எதுவும் இல்லை என்பதைக் காவல் நிலையத்தில் கேட்டு உறுதிசெய்தாள். பிறகு ஆண்டியப்பனைக் கூப்பிட்டாள்.

"திருத்தத்துக்குத் திருத்தமா?" என்றார் அவர். "என் சர்வீஸ்ல போட்டதில்லைம்மா. அதுவும் நிருபர் தப்புன்னு நாமளே எழுதிக் குடுத்தா, நாளைக்கு ஒருத்தன் கேஸ் போட்டான்னா?"

"போடட்டும் சார்."

"மேல கேப்பாங்க. ஒங்களத்தான் கேப்பாங்க."

"கேக்கட்டும் சார். அந்தம்மா பைபிளுக்குள்ள நம்ம பேப்பரத்தான் வச்சிருக்காங்க. அதுல அவங்க மகன் திருடனா இருக்கான்."

மறுமுனையில், அலுவலகத்தில் யாரோ பின்னால் சிரிக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவர், "எழுதுங்க. எழுதி முடிச்சதும் கடைசியில ஒரு வரி சேத்துக்கங்க. 'பெயரை உறுதி செய்யும் முன்பே செய்தியைக் கேட்டு அவசரப்படுத்தியது திருச்சி செய்திப் பிரிவு.' அது என் வரி. அத வெட்டக்கூடாது" என்றார்.

எழுதியதை அனுப்புவதற்கு முன்பு சுடர்விழி மறுபடி விராலிமலைக்குப் போனாள். செய்தியை முன்கூட்டி யாரிடமும் காட்டுவது அவள் தொழிலில் வழக்கமில்லை. ஆனாலும் போனாள். இந்தத் தடவை ரம்லத் பீவியும் அங்கே இருந்தார். இரண்டு பெண்களும் அருகருகே உட்கார்ந்து கேட்க, அவள் போனில் இருந்ததை ஒவ்வொரு வரியாக வாசித்தாள்.

சாதிக் தன் வண்டியைத் தானே கொடுத்தான் என்ற இடத்தில் ரம்லத் பீவி, "ஆமா, அப்படித்தான்" என்றார். வண்டியின் பதிவை மட்டும் வைத்து நிருபர் சுடர்விழி தவறாக முடிவு செய்தார் என்ற இடத்தில் இருவரும் அவளை நிமிர்ந்து பார்த்தார்கள், பிறகு பார்வையை எடுத்துக்கொண்டார்கள். அவள் தொடர்ந்தாள்.

"'பிராங்க்ளின், இன்னாசியம்மாளின் ஒரே மகன். ஆவூர்த் தேவாலயத் திருவிழாவில் கீபோர்டு வாசிப்பவர்...'"

"நில்லு" என்றார் இன்னாசியம்மாள். "ஒரே மகன் இல்ல."

சுடர்விழி நிமிர்ந்தாள்.

"மூத்தது ஒண்ணு இருந்துச்சு. பொறந்து ஒரு வாரத்துல போயிருச்சு. ஞானஸ்நானம் குடுத்து அந்தோணின்னு பேரு வச்சோம். அவனும் மவன்தான்."

ரம்லத் பீவிக்கே இது தெரிந்திருக்கவில்லை போலிருந்தது. அவர் மெல்ல, "எங்கிட்டச் சொல்லவே இல்லையே" என்றார்.

"கேக்கலையே யாரும்" என்றார் இன்னாசியம்மாள்.

சுடர்விழி 'ஒரே' என்ற சொல்லை அழித்தாள். "இப்ப 'இன்னாசியம்மாளின் மகன்'னு இருக்கு. சரியாம்மா?"

"படி."

அவள் மறுபடி முதல் வரியிலிருந்து படித்தாள். இன்னாசியம்மாள் கண்களை மூடிக்கொண்டு கேட்டார். இன்னும் ஓர் இடத்தில் நிறுத்தி, கீபோர்டு திருவிழாவுக்கு மட்டும் இல்லை, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் வாசிப்பான் என்றார். அதையும் சேர்த்துக்கொண்டாள். ரம்லத் பீவி ஒன்றிரண்டு முறை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அது மாவட்டப் பக்கத்தின் மேலே, பிராங்க்ளின் படத்தோடு வந்தது. ஆண்டியப்பனின் வரியும் அப்படியே இருந்தது. அடுத்த வாரம் அவருக்கும் சுடர்விழிக்கும் மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. இருவரும் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தார்கள். சேனல்களில் இரண்டு, கேட்டதும் பழைய செய்தியை எடுத்தன. மற்றவை எடுக்கவில்லை, இன்றும் தேடினால் கிடைக்கும்.

சாதிக் அந்தப் பக்கத்தைத் தொழிற்சாலைக்கு எடுத்துப் போய், ஷிப்ட் மாறும் நேரத்தில் கேட்டில் நின்று உரக்க வாசித்தான் என்று காவலாளி சொல்லித்தான் சுடர்விழிக்குத் தெரிந்தது. வாசித்து முடிக்கும் வரை யாரும் உள்ளே போகவில்லையாம்.